வண்டி ஏன் கிளம்பலை? கரி வாயு பஸ்ஸிலிருந்து ஆவடி டாங்க் வரை

சிட்டியில் வண்டி கிளம்பலைன்னா ஆட்டோ பிடிச்சு ஆபீஸ் போயிடலாம். இங்கே சேடை ஓட்ட வேண்டிய நாளில் டிராக்டர் கிளம்பலைன்னா கதையே வேற. நாற்றங்காலில் நாத்துக்கு வயசு ஏறிக்கிட்டே இருக்கும். நடவுக்குச் சொல்லி வெச்ச ஆளுங்க அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க. கழனியில கட்டி வெச்ச தண்ணி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. அதனால 'ஏன் கிளம்பலை'ங்கிற கேள்விக்குப் பதில் தேடறதும் எங்களுக்கு விவசாயத்தில் ஒரு வேலையா ஆகிப்போச்சு.

நாங்க இருக்கிறது பூந்தமல்லிக்கு மேற்கே. ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, இன்னொரு பக்கம் ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலைகள். சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு பட்டம் பார்க்கிற ஊர்களுக்கு நடுவிலேயே ஷிப்டு சைரன் பார்த்து வாழ்ற ஊர்களும் இருக்கு. வண்டி கிளம்பாத பிரச்சினைக்கு எழுபது எண்பது வருஷமா பதில் செஞ்சுக்கிட்டு இருக்கிற வட்டாரம் இது. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதப்போறேன்.

முதல்ல ஒரு அடிப்படை. இன்ஜின் ஓட மூணு வேணும்: காத்து, எரிபொருள், நெருப்பு. பெட்ரோல் வண்டியில நெருப்பைப் பிளக் கொடுக்கும். டீசல் வண்டியில பிளக் கிடையாது. காத்தை அழுத்தற அழுத்தலிலேயே சூடேறி, அதில் பீச்சற டீசல் தானாப் பத்திக்கும். இந்த மூணுல எரிபொருள் பக்கம் கோளாறுன்னா அதுவும் மூணு வகைதான். ஒண்ணு, எரிபொருள் வரலை. ரெண்டு, காத்தோ தண்ணியோ கலந்து வருது. மூணு, எரிபொருள்னு வேற ஏதோ வருது. பஸ் கரியில் ஓடின காலத்திலிருந்து இன்னைக்கு எத்தனால் பெட்ரோல் வரைக்கும் இந்தக் கணக்கு மாறவே இல்லை.

கரி அள்ளிப் போட்ட காலம்

ரெண்டாம் உலகப்போர் வந்ததும் பெட்ரோல் பட்டாளத்துக்குப் போச்சு. 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன் கொண்டுவந்தாங்க. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதும் அங்கிருந்து வந்துக்கிட்டிருந்த எண்ணெயும் நின்னுபோச்சு. அந்த வருஷம் ஏப்ரலில் குண்டு விழும்னு பயந்து சென்னையே பாதி காலியாச்சு. ஜனங்க மூட்டை கட்டிக்கிட்டு உள்நாட்டுப் பக்கம் கிளம்பினாங்க. போகணும்னா பஸ் வேணும், பஸ்ஸுக்குப் பெட்ரோல் இல்லை.

அப்போதான் கரி வாயு வந்துச்சு. 1912-லேயே தஞ்சாவூர் பக்கம் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார், போர்க்கால பெட்ரோல் பஞ்சத்துக்காக 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று ஒரு கருவியைச் செஞ்சு வித்தார். பஸ்ஸோட சேர்ந்து ஒரு பெரிய இரும்பு உருளை. அதுல மரக்கரியைக் கொட்டி, காத்தைக் குறைச்சு விட்டு எரிப்பாங்க. கரி முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு வாயுவாகும். அதை ஆறவெச்சு, சாம்பல் தூசி வடிகட்டி, காத்தோட கலந்து இன்ஜினுக்குள்ள இழுப்பாங்க. பெட்ரோல்ல கிடைச்ச வேகம் இதுல கிடைக்காது. மேட்டுல ஏறும்போது ஜனங்க இறங்கி நடந்ததைப் பெரியவங்க கதை கதையாச் சொல்லுவாங்க.

காலையில அந்தப் பஸ்ஸைக் கிளப்பறது தனி வித்தை. சாவியைத் திருப்பினா ஓடாது. கரியைப் பத்தவெச்சு, ஊதுகருவியைச் சுத்தி, வாயு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வாயு தயாரான்னு எப்படித் தெரியும்? வெளியே விடற குழாய் வாயில நெருப்பைக் காட்டுவாங்க. நின்னு எரிஞ்சா சரி, பொசுக்குன்னு அணைஞ்சா இன்னும் ஆகலை. கரி ஈரமா இருந்தாலும் கிளம்பாது, சாம்பல் அடைச்சாலும் கிளம்பாது.

ரொம்பப் படுத்தினது குழாய் மூட்டுல இருக்கற சின்ன ஓட்டை. இன்ஜின் உறிஞ்சுற பக்கம்ங்கறதால ஓட்டை வழியா வாயு வெளியே வராது, வெளிக்காத்து உள்ளே போகும். கலவை நீர்த்துப்போய் எரியாது. ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த 'உறிஞ்சுற பக்கத்து ஓட்டை'யை மனசுல வெச்சுக்குங்க, திரும்பவும் வரும்.

கிருஷ்ணாயில் இன்ஜின்

போர் முடிஞ்சது, பெட்ரோல் திரும்ப வந்துச்சு, கரி உருளையைக் கழட்டிப் போட்டுட்டாங்க. ஆனா விவசாயிக்குப் பெட்ரோல் கட்டுப்படியாகலை. கெரசின் சல்லிசு. எங்க பக்கம் அதைக் 'கிருஷ்ணாயில்'னு சொல்லுவோம். கிணத்து மேட்டுல வெச்ச சின்ன பம்ப்செட்டுக்கு ரெண்டு எரிபொருள்: கிளப்ப பெட்ரோல், ஓட்ட கிருஷ்ணாயில்.

ஏன் ரெண்டு? பெட்ரோல் குளிர்ந்த இன்ஜின்லயும் ஆவியாகும். கிருஷ்ணாயில் ஆகாது, சூடு வேணும். அதனால பெட்ரோல்ல கிளப்பி, இன்ஜின் சூடானதும் குழாயைத் திருப்பிக் கிருஷ்ணாயிலுக்கு மாத்தணும். நிறுத்தறதுக்கு முன்னாடி திரும்பப் பெட்ரோலுக்கு மாத்தி ஒரு நிமிஷம் ஓடவிடணும். அப்போதான் கார்புரேட்டர்ல பெட்ரோல் நிக்கும், மறுநாள் கிளம்பும். இதை மறந்து அப்படியே நிறுத்திட்டா, விடியக்காலையில எத்தனை தடவை கயிறு இழுத்தாலும் உறுமாது. பிளக்கைக் கழட்டிப் பார்த்தா கிருஷ்ணாயில்ல நனைஞ்சு கிடக்கும். மோந்து பார்த்தே சொல்லிடலாம். துடைச்சு, கார்புரேட்டரை வடிச்சு, பெட்ரோல் ஊத்தி இழுத்தா ஓடும். கோளாறைக் கண்டுபிடிக்க மூக்கே போதுமாயிருந்த காலம் அது.

டீசலும் பாடியும்

அடுத்து டீசல். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடுச்சு. ஆனா இந்த இன்ஜின் லாரிக்கும் டிராக்டருக்கும் வந்து சேர ஒரு சின்ன சாமான் தேவைப்பட்டது: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொட்டு எரிபொருளைச் சரியான நேரத்துல, பெரிய அழுத்தத்துல பீச்சற பம்ப். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1927-ல் அதை மொத்தமாத் தயாரிக்க ஆரம்பிச்சது. 1951-ல் பெங்களூரில் மைக்கோ தொடங்கினதும் நம்ம நாட்டுலயே அந்த பம்ப் கிடைச்சது. பழைய மெக்கானிக்குகள் எந்த பம்பையும் 'மைக்கோ பம்ப்'னே சொல்றது அதனாலதான்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்துச்சு. தேபர் தலைமை. 'சோஷலிச பாணி சமுதாயம்' தீர்மானம் போட்டது அங்கேதான். அடுத்த பத்து வருஷத்துல இந்த வட்டாரமே மாறிப்போச்சு. 1961-ல் ஆவடியில் டாங்க் தொழிற்சாலை. அதே வருஷம் அம்பத்தூரை ஒட்டின பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். அதைத் தொடர்ந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை. கொஞ்சம் தள்ளி செம்பியத்தில் சிம்ப்சன் இன்ஜினும் டாஃபே டிராக்டரும். 1969-ல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிச்சது. ஊத்தற டீசல், அதைக் குடிக்கிற இன்ஜின், இன்ஜினைச் சுத்திக் கிளப்பற ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாமே ஒரு நாள் சைக்கிள் மிதிச்சா எட்டற தூரத்துக்கு வந்துடுச்சு.

இதுல எங்களுக்கு என்ன கிடைச்சதுன்னா, ஆளுங்க. பகல்ல ஃபேக்டரியில ஃபிட்டர், ஞாயித்துக்கிழமை ஊர்ல மெக்கானிக். எங்க ஊர்ப் பக்கம் டிராக்டர் பார்த்த ஒரு பெரியவரும் அப்படித்தான். அவர் டூல் பையைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை சொல்லுவார்: "செல்ஃப் அடிப்பா, பொகையைப் பாக்கறேன்."

அதுல பாதி விஷயம் தெரிஞ்சுடும். இன்ஜின் நல்லாச் சுத்துது, ஆனா சைலன்சர்ல புகையே இல்லைன்னா டீசல் சிலிண்டருக்குப் போகலை. வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, எரியலை. குளிரோ, தண்ணியோ, அழுத்தக் குறைச்சலோ பார்க்கணும். கிளம்பி ரெண்டு நிமிஷத்துல நின்னா காத்து கலக்குது, இல்லைன்னா டேங்க் மூடியில இருக்கற மூச்சு ஓட்டை அடைச்சிருக்கு. மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்'ஸுன்னு சத்தம் வந்தா குற்றவாளி சிக்கிட்டான்.

காத்து புகுந்திருந்தா 'ஏர் எடுக்கணும்'. டேங்க்ல டீசல் இருக்கா, குழாய் திறந்திருக்கா பார்த்துட்டு, ஃபில்டர் மேல இருக்கற சின்ன போல்டைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் கைப்பிடியை அடிக்கணும். முதல்ல நுரை வரும். நுரை நின்னு சுத்தமான டீசல் வந்ததும் போல்டை முறுக்கிட்டு அடுத்த ஃபில்டர். அப்புறம் மெயின் பம்ப். கடைசியா நாசில் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி செல்ஃப் அடிச்சா, அங்கேயும் காத்து வெளியேறி டீசல் சொட்டும். முறுக்கினதும் ஒரு சிலிண்டர் இருமும், அடுத்தது சேரும், இன்ஜின் பிடிச்சுக்கும். டேங்கிலிருந்து நாசில் வரைக்கும் டீசல் போற வழியிலேயே நாமும் வரிசையாப் போறோம், அவ்வளவுதான். நடுவுல தாவினா வேலை ரெட்டிப்பாகும்.

எடுத்த ஏர் மறுநாளும் வந்தா? இங்கேதான் கரி பஸ்ஸோட அந்த ஓட்டை திரும்ப வருது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல வாஷர் தேஞ்சிருந்தா, இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காத்து உள்ளே போகும். தரையில ஈரமே இருக்காது. கரிக்குப் பதிலா டீசல் வந்தாலும் கோளாறு அதேதான்.

எதை ஊத்தினாலும் ஓடணும்

ஆவடியில 1965-ல் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்துச்சு. வடிவமைப்பு இங்கிலாந்தின் விக்கர்ஸ் உடையது, இன்ஜின் லேலண்ட் எல்-60. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ரெண்டு பிஸ்டன் எதிரெதிரா வந்து நடுவுல எரியற விசித்திரமான இன்ஜின் அது. 1950-களில் நேட்டோ நாடுகள் ஒரு முடிவு எடுத்திருந்தாங்க: போர்க்களத்துல எந்த எண்ணெய் கிடைக்குமோ தெரியாது, அதனால டாங்க் இன்ஜின் டீசல், கெரசின், பெட்ரோல்னு எதை ஊத்தினாலும் ஓடணும். எல்-60 அந்த முடிவுக்குப் பிறந்த பிள்ளை. பிரிட்டிஷ்காரங்களோட சீஃப்டன் டாங்க்கில் இதே இன்ஜின் அடிக்கடி மக்கர் பண்ணிப் பேர் கெட்டுப்போச்சு. பின்னாடி ஆவடியில செஞ்ச ரஷ்ய வடிவமைப்பு டி-72 டாங்க் இன்ஜினும் பல எரிபொருளில் ஓடக்கூடியதுதான்.

நாற்பது டன் டாங்க் கிருஷ்ணாயில்ல ஓடும்னா என் டிராக்டர் ஏன் ஓடக்கூடாது? ஓடும். ஆனா செலவு பின்னாடி வரும். டீசல்ல ஒரு வழுவழுப்பு இருக்கு. பம்புக்குள்ள தலைமுடியை விடச் சின்ன இடைவெளியில ஓடற உலக்கைக்கு அந்த டீசல்தான் எண்ணெய். கிருஷ்ணாயிலுக்கு அந்த வழுவழுப்பு குறைவு. பம்ப் தேயும். தேஞ்ச பம்ப் குளிர் காலையில போதுமான அழுத்தம் கொடுக்காது. டாங்குக்கு அரசாங்கம் புது பம்ப் போடும், எனக்கு யார் போடுவா?

கலப்படத்துக்காகச் செத்தவங்க

இது மூணாவது வகைக் கோளாறு: எரிபொருள்னு வேற ஏதோ வருது. ரேஷன் கெரசின் விலைக்கும் டீசல் விலைக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருந்த காலத்துல, கலக்கறது ஒரு தொழிலாவே நடந்துச்சு. நம்ம வீட்டு வாசல்ல கிளம்பாம நிக்கிற வண்டிக்குப் பின்னாடி இருக்கற அந்தத் தொழில் எவ்வளவு பெரிசுன்னு ரெண்டு சாவு காட்டுச்சு. 2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்து லக்கீம்பூர் கேரியில், கலப்பட பங்க்கைத் தட்டிக் கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத்தைச் சுட்டுக் கொன்னாங்க. வயசு 27. 2011 ஜனவரி 25-ம் தேதி மகாராஷ்டிராவின் மன்மாட் பக்கத்துல, எண்ணெய் திருட்டைக் கையும் களவுமாப் பிடிக்கப்போன கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோட எரிச்சாங்க.

பங்க்கில் பில்டர் பேப்பர் கேட்டு வாங்கலாம்னு போர்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. அந்தத் தாளுக்குப் பின்னாடி இவங்களும் இருக்காங்க. தாளில் ரெண்டு சொட்டு பெட்ரோல் விட்டா ரெண்டு நிமிஷத்துல கறை இல்லாமப் பறந்துடணும். எண்ணெய்க் கறை நின்னா சந்தேகப்படலாம். டீசலுக்கு இந்தச் சோதனை செல்லாது, சுத்தமான டீசலே கறை விடும். அதுக்கு அடர்த்தி பார்க்கணும். கெரசின் பெட்ரோலை விடக் கனம், டீசலை விட லேசு. அதனால பெட்ரோல்ல கலந்தா அடர்த்தி ஏறும், டீசல்ல கலந்தா இறங்கும். பங்க்கில் அன்னைய அடர்த்தியை எழுதி வெச்சிருப்பாங்க. அளந்து காட்டச் சொல்றது நம்ம உரிமை. கேட்டா முறைப்பாங்கதான். அதுக்காகக் கேட்காம வந்துட முடியுமா?

தண்ணி

2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்துல நொடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்டாங்க. அடையாறு ஓரம் முழுகின வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே தண்ணி நின்னுச்சு. முழுகின வண்டியில செல்ஃப் அடிக்கக்கூடாதுங்கறது அந்த ரெண்டு டிசம்பரும் சொல்லிக்கொடுத்த பாடம். சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா அது அழுந்தாது, கனெக்டிங் ராடு வளைஞ்சு போகும். டேங்கை வடிச்சு, வடிச்சதைக் கண்ணாடி பாட்டில்ல ஒரு ராத்திரி நிறுத்தி வெச்சா, தண்ணி கீழே தனியாத் தெரியும்.

பெட்ரோல் வண்டிக்கு இப்போ இன்னொரு விஷயம் சேர்ந்திருக்கு. 2022 ஜூனில் 10 சதவீதமா இருந்த எத்தனால் கலப்பு, 2025-ல் 20 சதவீதத்துக்கு வந்துடுச்சு. கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து வர்ற சாராயம்தான் எத்தனால். விவசாயியா எனக்கு அதுல சந்தோஷமும் உண்டு, விளைச்சலுக்கு இன்னொரு சந்தை. ஆனா எத்தனாலுக்குத் தண்ணி மேல ஆசை. கொஞ்சம் தண்ணியைத் தனக்குள்ள கரைச்சு மறைச்சுக்கும். அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில இறங்கிடும். பெட்ரோல் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். மாசக்கணக்கா நிறுத்தி வெச்ச பழைய ஸ்கூட்டர் மழைக்கப்புறம் கிளம்பலைன்னா, பிளக்கைத் திட்டறதுக்கு முன்னாடி டேங்கை வடிச்சுப் பாருங்க.

பூட்டு போட்ட இன்ஜின்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6. டீசல்ல கந்தகம் 50 பி.பி.எம். இருந்தது 10 ஆச்சு. 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைசக்திக்கு மேல உள்ள டிராக்டருக்கும் புது விதி. அதுல பெரும்பாலும் காமன் ரெயில் பம்ப், கம்ப்யூட்டர். புகை குறைஞ்சுது, டீசலும் மிச்சம். நல்லதுதான். ஆனா இதுல நாசில் நட்டைத் தளர்த்திப் பார்க்கற வேலையே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம், பீச்சினா தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும். கோளாறைச் சொல்றது ஸ்கேனர். ஸ்கேனர் கம்பெனி ஆளுகிட்ட இருக்கும். அவர் வர்ற வரைக்கும் நாத்து காத்திருக்குமா?

என் கவலை அங்கேதான். கரி பஸ் ஓட்டுநர் தீயைப் பார்த்தார், பம்ப்செட்காரர் மோந்து பார்த்தார், பாடி ஃபேக்டரி ஃபிட்டர் புகையைப் பார்த்தார். மூணு பேருக்கும் கோளாறைத் தேடற வழி அவங்க கையிலேயே இருந்துச்சு. ஸ்கேனர் வேண்டாம்னு நான் சொல்லலை. அந்த ஸ்கேனர் பஞ்சாயத்துக்கு ஒண்ணு, வாடகை டிராக்டர் மையத்துக்கு ஒண்ணு இருக்கணும். ஊர்ப் பையன்களுக்கு அதைப் படிக்கத் தெரியணும். அம்பத்தூர், ஆவடியில ஐ.டி.ஐ. படிச்சுட்டு வர்ற பசங்களால இது முடியாத காரியம் இல்லை.

ஏன்னா கம்ப்யூட்டர் இன்ஜினும் பாதி நாள் பழைய காரணத்துக்குத்தான் நிக்குது: டீசல் வரலை, காத்தோ தண்ணியோ கலந்து வருது, இல்லைன்னா வேற ஏதோ வருது. உங்க வண்டி நாளைக்குக் கிளம்பலைன்னா, டோ வண்டிக்குப் போன் போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. டேங்க்ல நிஜமாவே எண்ணெய் இருக்கா? முள்ளை நம்பாதீங்க. கடைசியா எந்த பங்க்கில், என்னைக்குப் போட்டீங்க? மூடியைத் திறந்தா 'உஸ்'ஸுங்குதா? இந்த மூணுக்கும் பதிலோட போனாலே மெக்கானிக் உங்களை மதிச்சுப் பேசுவார். பில்லும் கொஞ்சம் குறையும்.